டொக்ரு மொழியில் மறுப்பது எப்படி

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது என்று நான் சொன்னால், தூறல் போட்டுக்கொண்டிருந்தது என்பாள் என் உதவியாளர் அஞ்சலாட்சி. வருடம் எண்பத்து நான்கு என்பேன், எண்பத்தைந்து என்பாள். ஒரு துப்பறிவாளனுக்கு இது அழகல்ல. ஆனால் நான் துப்பறிவாளன் என்பதிலேயே அந்த நாட்களில் பலருக்குச் சந்தேகம் இருந்தது. அந்தப் பலரில் நானும் ஒருவன்.

என் பெயர் தெய்வநாயகம். புதுச்சேரியில், கோவிந்தசாலைப் பக்கம், என் வீட்டு முன்னறையில் மேசை நாற்காலி போட்டுத் துப்பறியும் நிலையம் நடத்திவந்தேன். வாடிக்கையாளருக்கென்று போட்ட நாற்காலியில் பெரும்பாலும் அஞ்சலாட்சிதான் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து தடித்த புத்தகங்களைப் படிப்பேன். அதிகம் பேச மாட்டேன். கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பேன். பேசாதவன் ஆழமானவன் என்று தெருவில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆழமெல்லாம் இல்லை. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே கதவைத் தட்டினாள் சுலோசனா. பக்கத்துத் தெருக்காரி. கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்துக் காலமானவர். தையல் மெஷினை வைத்து ஒரே பெண்ணை வளர்த்தவள்.

"பொண்ணக் காணம் சார். இருட்டோட எழுந்து, மார்க்கெட்டுக்குப் போயி பூ வாங்கியாறேன்னு பச்ச தாவணியோட போனா. வரல. சாயந்தரம் பொண்ணு பாக்க வராங்க. பிரான்சு மாப்ள."

பெண்ணின் பெயர் ஆதிலட்சுமி. மாப்பிள்ளை இராமதாஸ், பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் வேலை. அவனுடைய குடும்பம் எப்போதோ பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியது. விடுப்பு முடிவதற்குள் தட்டை மாற்றி, தாலி கட்டி, பெண்ணுக்குப் பேப்பர் போட்டுவிட வேண்டும் என்று அவசரத்தில் இருந்தார்கள். இன்று தவறினால் இந்த இடம் தவறியது என்று சொல்லி அழுதாள் சுலோசனா.

பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டேன். தொழிலில் அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"அவ வேணான்னே சொல்லல சார். சும்மாதான் இருந்தா."

நானும் சும்மா இருந்தேன். அஞ்சலாட்சி மட்டும் பத்திரிகையை மடித்து வைத்தாள். அவள் பத்திரிகையை மடித்தால் எதையோ கவனித்துவிட்டாள் என்று பொருள். அது எனக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்து.

சுலோசனாவுக்கு ஒரே ஒரு ஆள் மேல் சந்தேகம். பெண் ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ நட்சத்திரத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் பற்றிய நாடகம், யாருக்கும் புரியாத பாஷை. ஒத்திகை முடிந்ததும் பனைமரம் மாதிரி ஒருவன் அவளை வீடு வரை கொண்டுவந்து விடுகிறான். பெயர் காத்தவராயன். சேதராப்பட்டில் ஏதோ ஆலையில் வேலை.

எனக்கு அது போதும். உயரமான ஆள், சேதராப்பட்டு, பஸ். மனத்துக்குள் வழக்கு முடிந்துவிட்டது. சாட்சி தேடுவது மட்டுந்தான் பாக்கி.

பெரிய மார்க்கெட்டில் அன்று பூ வண்டி தாமதம். கூடைகள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தன. பூக்காரி ஆயம்மா சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, குரலைத் தாழ்த்தி விசாரித்தேன்.

"ஆயா, பச்ச தாவணி போட்ட பொண்ணு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"கூட ஒசரமா ஒருத்தன்?"

"ஆமா, ஒசரந்தான்."

"பஸ்ஸு பக்கமா போனாங்களா?"

"பஸ்ஸு பக்கந்தான். மல்லி எத்தினி மொழம் தரட்டும்?"

நான் பூ வாங்கவில்லை. கையில் பூவோடு நடக்கும் துப்பறிவாளனை யார் மதிப்பார்கள்? அடுத்து வாழையிலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவரிடம், சேதராப்பட்டு பஸ்ஸா என்று கேட்டேன். அதேதான் என்றார். எலுமிச்சம்பழம் கொட்டிக்கொண்டிருந்தவள், அந்த உயரமான ஆள் கையில் பை வைத்திருந்தானா என்று நான் கேட்டதும், பையும் வைத்திருந்தான், நல்ல பழமாக எடுத்துக்கொள் என்றாள். ஒருவரை விட அடுத்தவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. இவ்வளவு ஒத்துழைக்கும் சாட்சிகளை நான் என் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் ஒத்துழைக்கவில்லை. மார்க்கெட்டின் ஓரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த சின்னப்பாப்பா. வயது ஐம்பதுக்கு மேல், வாய் நிறைய வெற்றிலை. கடையில் மஞ்சள் மூட்டையும் குங்கும மூட்டையும் வாய் கட்டியபடி கிடந்தன. கற்பூரப் பெட்டி பிரிக்கப்படவில்லை. நாங்கள் போனபோது அவள் ஒரு தகர டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த இடமே சந்தனமாக மணத்தது.

பச்சைத் தாவணிப் பெண்ணைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"இல்ல. யாரும் வரல. இப்பதான் கடைய தொறக்கறேன். மொத ஆளே நீங்கதான்."

கவனம் இல்லாத பொம்பளை என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு நகர்ந்தேன். நான்கு தப்படி போனதும் அஞ்சலாட்சி, "சார், அந்தம்மா சொன்னது..." என்று ஆரம்பித்தாள். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். யோசிக்கும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது. அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு சின்னப்பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாயங்காலம் வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து நாடக ஒத்திகை. முத்தியால்பேட்டையில் ஒரு வாசகசாலையின் மாடி. படியேறும்போதே உறுமல் கேட்டது. உள்ளே ஆலைத் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மார்பில் அட்டைக் கவசம் கட்டிக்கொண்டு, தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கரும்பலகை. அதன் முன்னால் சாக்கட்டியோடு சுப்ரமணி.

சுப்ரமணி வீட்டில் பிரெஞ்சு டியூஷன் எடுப்பவர். நாடகத்தை எழுதியவரும், டொக்ரு என்ற அந்த நட்சத்திரத்தின் மொழியை உண்டாக்கியவரும் அவரே. டொக்ருக்கள் போர்க்குணம் கொண்டவர்கள். பூமியைப் பிடிக்க வருகிறவர்கள் தமிழில் பேசினால் யாருக்குப் பயம் வரும் என்று கேட்டு, சொல் சொல்லாக உட்கார்ந்து செய்திருக்கிறார். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, மொழியையே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆதிலட்சுமிதான் டொக்ரு ராணி.

பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: மறுப்பு வாக்கியங்கள், தொடக்கநிலை.

கூடத்துக்குள் டொக்ரு தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று கட்டளை. விருந்தாளிகளுக்கு மட்டும், கற்றுக்கொள்ளும் வரை விலக்கு. எனவே எங்களையும் உட்காரவைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார். இதுவரை மாணவர்கள் கற்றது ஆமாம் வாக்கியங்கள் மட்டுமே. வருகிறேன், பார்க்கிறேன், சாப்பிடுகிறேன். மூன்று வாரமாக இந்தக் கொடூரப் போர்வீரர்கள் எதைக் கேட்டாலும் சரி சரி என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள், வேறு சொல்லத் தெரியாமல். இன்றுதான் முதல்முறையாக இல்லை என்று சொல்லப் போகிறார்கள். அந்த எதிர்பார்ப்பு முகங்களில் தெரிந்தது.

விதி எளிது. 'ஸல்' என்றால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல, வினைக்கு முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பக்'. ந ஸல் பக். 'துர்' என்றால் வந்தேன். வரவில்லை என்றால் ந துர் பக். முன்னும் பின்னும் இரண்டு காவலாளி நடுவில் ஒரு கைதி மாதிரி வினை நிற்க வேண்டும் என்றார் சுப்ரமணி. வீரர்கள் முதல் காவலாளியை மறந்து மறந்து விட்டார்கள்.

"நம்ம மதர்மாருங்க பள்ளிக்கூடத்துல இதே மாதிரிதான் முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு போட்டு பிரெஞ்சு சொல்லிக் குடுப்பாங்க," என்று என் காதில் சொன்னாள் அஞ்சலாட்சி. "அந்த நட்சத்திரத்தையும் வெள்ளக்காரன் ஆண்டிருக்கான் போல சார்."

இரண்டாவது வகை மறுப்பு வேறு. இது நடக்கவில்லை என்பது அல்ல. நான் செய்ய மாட்டேன் என்பது. அதற்கு முன்னால் எதுவும் வேண்டாம், வினையின் வாலில் 'கோர்' என்று ஒட்டினால் போதும். துர்கோர்: வர மாட்டேன். ஆனால் சொல்லும்போது மோவாயைத் தூக்கி எதிரியின் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்காமல் சொன்னால் டொக்ருவில் அது செல்லாது. வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிப் பழகினார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வயதானவர் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் யாரிடமோ சொல்ல நினைத்ததாக இருக்கலாம்.

பாடம் எனக்கும் பிடிபட்டதாக நினைத்தேன். விளையாட வரவில்லை, வேலையாக வந்திருக்கிறேன் என்று தெரியப்படுத்த, முன் வரிசையில் இருந்தவரை உற்றுப் பார்த்து, மோவாயைத் தூக்கி, கம்பீரமாக, "மக்கோர்" என்றேன்.

முன் வரிசைக்காரர் அட்டைக் கவசத்தோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"சாப்பிட மாட்டேங்கறார்," என்று மொழிபெயர்த்தார் சுப்ரமணி.

"அவங்களுக்கு நிம்மதி சார்," என்றாள் அஞ்சலாட்சி.

ஆதிலட்சுமியை இன்று யாராவது பார்த்தீர்களா என்று தமிழில் கேட்டேன். வரிசையாகப் பதில் வந்தது. ந ஸல் பக். ந ஸல் பக். ஸல் பக். கடைசி ஆளைச் சுப்ரமணி திருத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விசாரணையில் எல்லோரும் சந்தோஷமாக இல்லை என்றார்கள்.

பிறகு சுப்ரமணி என்னை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். அவர் குரல் மாறியிருந்தது.

"'மாட்டேன்'னு எப்படி சார் சொல்றது, மொதல்ல அதச் சொல்லிக் குடுங்கன்னு உயிர எடுத்துச்சு அந்தப் பொண்ணு. அது பின்னால வருது, பொறுமையா இரும்மான்னேன். இன்னிக்குத்தான் அந்தப் பாடம். இன்னிக்குன்னு பாத்து வரல."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு மாடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. அவர் சொன்னதில் ஏதோ இருந்தது என்பது எனக்குப் புரிந்தது. என்ன என்று புரியவில்லை. பதிலுக்கு, காத்தவராயன் எங்கே என்று கேட்டேன். டொக்ரு தளபதி அவன்தான், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறான், வரவில்லை என்றார். அஞ்சலாட்சியைப் பார்த்து வெற்றியோடு தலையசைத்தேன். அவளும் அசைத்தாள். அவள் தலையசைப்பில் கொஞ்சம் இரக்கம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

சேதராப்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஆலை வாசலில் வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொல்ல, காத்தவராயன் குனிந்து வெளியே வந்தான். உண்மையிலேயே உயரம். கையெல்லாம் கிரீஸ். யூனியன் விஷயமாக வந்திருக்கிறோம் என்று நினைத்து முகம் வெளுத்திருந்தது. நேற்று இரவு ஷிப்டுக்கு வந்தவன் இன்னும் வெளியே போகவில்லை என்றான். வாட்ச்மேன் ஆமாம் என்றான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த இருவரும் ஆமாம் என்றார்கள். என் வழக்கு அந்த வாசலில் நின்றபடியே செத்தது.

அப்படியானால் ஏன் அவளை வீடு வரை கொண்டுபோய் விடுகிறாய் என்று மடக்கினேன். அவன் அஞ்சலாட்சியைப் பார்த்துத் தலைகுனிந்தான்.

"பஸ்ஸுக்கு அந்தத் தெரு வழியாத்தான் போவணும். அங்க நாய்ங்க ஜாஸ்தி சார். எனக்கு நாய்னா பயம். அவங்கதான் என்னை மெயின்ரோடு வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டு, அப்புறம் வீட்டுக்குப் போவாங்க."

இவன்தான் பூமியைப் பிடிக்க வரும் தளபதி.

வழியில் ஆதிலட்சுமி அவனிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டு, இடம் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால், பிரான்சில் போய் எதையாவது படித்துக்கொள் என்கிறாள். மாப்பிள்ளையின் போட்டோவை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. பாரீசுக்குப் போனால் டொக்ரு பேச ஆள் கிடைக்காது என்று சொல்லிச் சிரித்தாளாம். பிறகு தெரு முனை வரை பேசவே இல்லையாம்.

"சும்மா வர்றாங்கன்னு நெனச்சேன் சார். அழுவறாங்கன்னு வெளிச்சத்துக்கு வந்தப்புறந்தான் தெரிஞ்சுது," என்றான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெகுநேரம் பேசாமல் வந்தேன். என் நீண்ட மௌனங்களில் இது ஒன்று. வழக்கமாக அவற்றில் ஒன்றும் நடக்காது. இதிலும் நடக்கவில்லை. மார்க்கெட்டில் அத்தனை பேர் பார்த்த உயரமான ஆள் யார் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இறங்கியபோது, மதியம் அடைத்த கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கி எழுந்து வருவார்கள். காலையில் ஒரு திறப்பு, சாயங்காலம் ஒரு திறப்பு. ஒரு மளிகைக் கடைக்காரர் கதவுப் பலகைகளை எடுத்து வைத்து, ஊதுவத்தியைச் சாமி படத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். தலைவலித் தைலம் கேட்டேன்.

"வந்துகிட்டேயிருக்கு சார். ஒக்காருங்க. சோப்பு தரட்டுமா?"

தைலம் இருக்கிறதா என்று மறுபடி கேட்டேன். நாளைக்கு நிறைய வரும் என்றார். இருக்கிறதா இல்லையா என்று அழுத்திக் கேட்டேன். அவர் சிரித்தபடி சீயக்காய்த் தூளை எடுத்து நீட்டினார்.

"விடுங்க சார், பாவம். அவரு இன்னும் போணி பண்ணல," என்றாள் அஞ்சலாட்சி. "யானை முட்டை இருக்கான்னு கேளுங்க. உள்ள அவிச்சி வெச்சிருக்கேம்பாரு."

நான் நின்றுவிட்டேன்.

இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். முதல் விற்பனை ஆகும் வரை இல்லை என்ற சொல் கடையில் விழக் கூடாது என்பது எனக்கு நடக்கப் பழகிய காலத்திலிருந்து தெரியும். கேட்டது இல்லாவிட்டால் வேறொன்றை எடுத்து நீட்டுவார்கள். நாளைக்கு வரும் என்பார்கள். இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அன்று பூ வண்டியே தாமதம். ஆயம்மாவுக்குப் போணி ஆகவில்லை. இலைக்காரருக்கு ஆகவில்லை. எலுமிச்சம்பழக்காரிக்கு ஆகவில்லை. அவர்களிடம் போய்ப் பச்சைத் தாவணி வந்ததா, உயரமான ஆள் வந்தானா என்று கேட்டிருக்கிறேன். யானையில் ஏறிப் போனார்களா என்று கேட்டிருந்தாலும் ஆமாம், கறுப்பு யானை என்றிருப்பார்கள். அந்த உயரமான ஆளை யாரும் பார்க்கவில்லை. அவனைப் படைத்தவன் நான். பையைக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, சேதராப்பட்டு வரை டிக்கெட் எடுத்து அவன் பின்னாலேயே போனவனும் நான்.

அப்படியென்றால், அன்று காலையில் மார்க்கெட்டில் இல்லை என்று சொன்னவள் ஒருத்திதான். முதல் ஆளே நீங்கள்தான் என்று சொல்லிக்கொண்டே, முகத்துக்கு நேராக இல்லை என்றவள். முதல் ஆளிடம் எந்தக் கடைக்காரியும் அப்படிச் சொல்ல மாட்டாள். அவளுக்குப் போணி ஆகியிருந்தது. எனக்கு முன்னால் யாரோ வந்திருந்தார்கள்.

மார்க்கெட்டுக்கு ஓடினேன். துப்பறிவாளன் ஓடக் கூடாது என்பதையும் மறந்து ஓடினேன். சின்னப்பாப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியபடி, காலையில் எனக்கு முன்பே உனக்குப் போணி ஆகிவிட்டது, ஆதிலட்சுமி வந்திருந்தாள், சந்தனம் வாங்கினாள் என்று அடுக்கினேன். அவள் சுண்ணாம்பை நிறுத்திவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நிறுத்தாமல் தொடர்ந்தேன்.

"சந்தனம் எதுக்கு? கல்யாணத்துக்கு. எந்தக் கோயில்ல கல்யாணம்? மாப்ள யாரு?"

சின்னப்பாப்பா அஞ்சலாட்சியைப் பார்த்தாள். மரியாதை போய்விட்டது.

"இவருதான் துப்பறியறவராம்மா?"

"ஆமாங்க்கா," என்றாள் அஞ்சலாட்சி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கு வாங்கறவ மஞ்ச குங்குமம் இல்லாம வெறும் சந்தனத்த வாங்குவாளா சார்? காலைல அந்த மூட்ட ரெண்டும் வாய் கட்டியே கெடந்துச்சு. தெறந்திருந்தது சந்தன டப்பா ஒண்ணுதான். வெறும் சந்தனம் எதுக்கு வேணும்? என் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் நான் வாங்கியிருக்கேன்."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவள் தன் தலையை ஒருமுறை தடவிக் காட்டினாள்.

மொட்டை.

"மயிலம் முருகனுக்கு நேந்துக்கிட்டேன்னுச்சு," என்றாள் சின்னப்பாப்பா. "அங்க மாவு கலந்து குடுப்பான், செரச்ச தலைக்கு எரியும், நல்லதா எடுத்துட்டுப் போம்மான்னு நாந்தான் குடுத்தேன். யாரு கேட்டாலும் சொல்லாதக்கான்னு கையப் புடிச்சிச்சு. நான் எதுவும் சொல்லல. நீங்களாத்தான் சொல்லிக்கிட்டீங்க."

ஒரு பெண் அம்மாவிடம் முடியாது என்று சொன்னால் அடி விழும், அழுகை விழும், செத்துப்போன அப்பா வந்து நிற்பார். முருகனுக்கு முடி கொடுத்துவிட்டேன் என்றால் யாரும் எதுவும் பேச முடியாது. மொட்டைத் தலையோடு பெண்ணை மணையில் உட்கார்த்தவும் முடியாது. முடி வளர்வதற்குள் மாப்பிள்ளையின் விடுப்பு முடிந்துவிடும். அவ்வளவையும் கணக்குப் போட்டுத்தான் இருட்டில் கிளம்பியிருக்கிறாள்.

உனக்கு எப்போது தெரியும் என்று அஞ்சலாட்சியைக் கேட்டேன்.

"காலைலயே. சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க கையத் தூக்கினீங்க. அப்புறம் யோசிச்சேன், நல்லதாப் போச்சுன்னு."

"எது நல்லது?"

"சொல்லியிருந்தா நீங்க நேரா மயிலம் பஸ்ஸப் புடிச்சிருப்பீங்க. பாதித் தலையில பொண்ண இழுத்தாந்து நிறுத்தியிருப்பீங்க."

அவள் சொன்னது சரி. அப்படித்தான் செய்திருப்பேன். அதைத் திறமை என்றும் நினைத்திருப்பேன்.

நாங்கள் போனபோது சுலோசனா வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே பாய், தட்டு, பழம், ஜிலேபி. மாப்பிள்ளை இராமதாஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா குஞ்சம்மாள், பெண் கோயிலுக்குப் போயிருக்கிறாளாமே, மெதுவாக வரட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் என்பது சுலோசனா வாய்க்கு வந்தபடி சொன்னது. அவள் அறியாமல் அது உண்மையாக இருந்தது.

என்னைக் கண்டதும் சுலோசனா வாசலுக்கு ஓடிவந்தாள். கிடைத்துவிட்டாளா சார் என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் பொய். நான் அவளைப் பார்த்தபடி நின்றேன். அவள் என் முகத்தைப் படித்தாள். அவளுக்கு வேண்டியது அதில் இருந்தது போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்துகொண்டே இருக்கிறாள் என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

சொல்லி முடிப்பதற்குள் ஆதிலட்சுமி வந்துவிட்டாள். தெருமுனையில் கார் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. முன்பே வந்தால் அம்மா சவுரி முடியும் முக்காடும் போட்டு உட்கார்த்திவிடுவாள் அல்லவா. பச்சைத் தாவணி. மொட்டைத் தலை முழுக்க மஞ்சள் வெளுப்பாகச் சந்தனம். இரண்டு இடங்களில் கத்தி பட்ட கீறல். நெற்றி திடீரென்று பெரிதாகியிருந்தது.

சுலோசனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் இருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு இராமதாஸ் காலடியில் போய் நின்றது. யாரும் எடுக்கவில்லை. பெண் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

குஞ்சம்மாள் எழுந்தாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் ஆதிலட்சுமியின் மோவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள்.

"சே ரியான்," என்றாள். "ஒண்ணுமில்ல. முடிதானே, வளந்துடும். சாமிக்குக் குடுத்த பொண்ணு வீட்டுக்கு நல்லது. என்ன, கல்யாணத்த இங்க வெக்காம அங்க வந்து வெச்சுக்கலாம். பொண்ணு புடிச்சிருக்கு சம்பந்தி."

சுலோசனாவின் முகத்தில் உயிர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூச்சு விட்டார்கள். அஞ்சலாட்சி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் அப்படிப் பிடித்தது அந்த ஒருமுறைதான். ஆதிலட்சுமியிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. முடியைக் கொடுத்தாயிற்று. கை இரண்டும் தாவணி நுனியைத் திருகிக்கொண்டிருந்தன. மறுபடியும் சும்மா நிற்கப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒருவர் சும்மா நிற்கும்போது மற்றவர்கள் அவருக்காகப் பேசி முடித்துவிடுவார்கள்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இருமிவிட்டுச் சொன்னாள்.

"முடி வளந்துடும் அத்தை. வளந்தப்புறமும் நான் வர மாட்டேன்."

குஞ்சம்மாள் இன்னும் அவள் மோவாயைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள். இராமதாஸ் குனிந்து அந்த ஆப்பிளை எடுத்துத் தட்டில் வைத்தான். அவன் முகத்தில் தெரிந்தது அவமானமா நிம்மதியா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்கு அது சரியாக நினைவில்லை.

ஆதிலட்சுமி நர்ஸ் படிப்பில் சேர்ந்து, முடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலைக்குப் போனாள். நாடகம் ஒரே ஒருமுறை நடந்தது. ராணியின் மொட்டைத் தலை நல்ல ஒப்பனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். சுலோசனா பெண்ணோடு பேச, முடி காது வரை வளர வேண்டியிருந்தது. இராமதாஸ் அந்த விடுப்பில் தனியாகத் திரும்பிப் போனான். மறு வருடம் காரைக்காலில் பெண் எடுத்தான். குஞ்சம்மாள் மகனோடு பிரான்சில் இருக்கிறாள். சுப்ரமணி பழையபடி டியூஷன் எடுக்கிறார். காத்தவராயன் ஆலை மூடியதும் ஓசூருக்குப் போய்விட்டான். சின்னப்பாப்பாவின் கடையை அவள் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். நான் நிலையத்தை மூடிவிட்டு ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அஞ்சலாட்சி ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருக்கிறாள். அவளைக் கேட்காமல் அந்த வக்கீல் எந்த வழக்கையும் எடுப்பதில்லை என்று கேள்வி.